4294967297: பகா எண்போல் நடிக்கும் ஒரு பகு எண்

மீதியாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த சில நாட்களாக ஒரே எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த எண் 4294967297. சொல்லிப் பார்த்தால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. எழுதிப் பார்த்தால் வெறும் 2³² + 1.

இது எங்கிருந்து வருகிறது என்பது இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். 3-இல் தொடங்கி, ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசை கிடைக்கிறது. ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640-இல் கருதினார். அடுத்து வருவதுதான் நம் எண். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் ஏமாந்தேன் என்பதுதான் இந்த இழையைத் தொடங்கக் காரணம். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். நம் எண் பகு எண் என்பதால் மீதி வேறாகத்தான் இருக்கும் என்று எண்ணிக் கணினியில் போட்டுப் பார்த்தேன். மீதி 1 என்றே வந்தது. நிரலில் பிழை இருக்கும் என்று நினைத்து இருமுறை மாற்றி எழுதியும் விடை மாறவில்லை. இது தற்செயலா, அல்லது இதற்குள் ஏதேனும் காரணம் இருக்கிறதா?

அடுக்குமொழி எழுதியது:

உங்கள் நிரலில் பிழை இல்லை. கேட்ட கேள்வியில்தான் பிழை. இந்த எண்ணிடம் 2-ஐ வைத்துக் கேட்டால் அது எப்போதும் "நான் பகா எண்" என்றே சொல்லும்.

நம் எண்ணை ந என்று வைத்துக்கொள்வோம். ந = 2³² + 1 என்பதால், ந-ஆல் வகுக்கும்போது 2³² என்பதற்கு −1 என்ற மதிப்புத்தான் (அதிலிருந்து ந-ஐக் கழித்தால் −1 மிஞ்சும்). அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ என்பது 1 ஆகிவிடும். நீங்கள் சோதித்த அடுக்கு ந − 1, அதாவது 2³². அது 64-இன் மடங்கு. 2-இன் 64-ஆம் அடுக்கே 1 என்றால், 64-இன் எந்த மடங்கை அடுக்காக வைத்தாலும் 1 தானே வரும்? இதில் ந பகா எண்ணா பகு எண்ணா என்ற செய்தி எங்குமே நுழையவில்லை. ஃபெர்மாவின் வரிசையில் உள்ள 5 முதலான ஒவ்வோர் எண்ணும் இதே காரணத்தால் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

2-க்குப் பதிலாக 3-ஐ வைத்துப் பாருங்கள். 3-ஐ 4294967296 என்ற அடுக்குக்கு உயர்த்தி ந-ஆல் வகுத்தால் மீதி 3029026160. அது 1 இல்லை. ஆகவே ந பகா எண் இல்லை. காரணி என்னவென்று தெரியாமலேயே பகு எண் என்று உறுதியாகிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அடுக்கு பெரிதாக இருந்தாலும் அது 2³² என்பதால், 3-இலிருந்து தொடங்கி 32 முறை வர்க்கப்படுத்தினால் போதும். முதல் நான்கு முறை வகுக்கவே தேவையில்லை, ஏனெனில் 3¹⁶ = 43046721 இன்னும் ந-ஐ எட்டவில்லை. மிச்சம் 28 வர்க்கங்கள், 28 வகுத்தல்கள். 1877-இல் பெப்பான் தந்த சோதனை இந்த வகை எண்களுக்கென்றே அமைந்தது; இன்று அதை வழக்கமாக 3-ஐ அடிப்படையாகக் கொண்டு செய்கிறார்கள். அது இரு பக்கமும் செல்லும், அதாவது பகா எண்ணையும் உறுதிசெய்யும்.

சந்தேகம் எழுதியது:

விளக்கத்திற்கு நன்றி. ஆனால் எனக்கு வேறோர் இடத்தில் இடிக்கிறது. ந-இன் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குக் கீழே 6542 பகா எண்கள் இருக்கின்றன. 641 என்பது அவற்றில் 116-ஆவது. கணினி இல்லாத காலத்தில் ஆய்லர் 3, 5, 7, 11 என்று தொடங்கி நூற்றுப் பதினான்கு வகுத்தல்களைச் செய்து முடித்து, அதன் பிறகுதான் 641-ஐ அடைந்தாரா?

மீதியாளர் எழுதியது:

இதற்கு நானே பதில் எழுத முடியும் என்பதில் மகிழ்ச்சி, ஏனெனில் அடுக்குமொழி அவர்கள் மேலே சொன்னதிலேயே விடை இருக்கிறது.

ப என்ற ஒரு பகா எண் ந-ஐ வகுப்பதாகக் கொள்வோம். அப்போது ப-ஆல் வகுக்கும்போதும் 2³² என்பது −1, 2⁶⁴ என்பது 1. ஆகவே 2-இன் அடுக்குகள் முதன்முறையாக 1-ஐத் தொடுவது சரியாக 64-ஆவது அடுக்கில். (64-ஐ வகுக்கும் அதனினும் சிறிய எண் எதுவும் 32-ஐ வகுக்கும், அங்கே 1 வந்திருந்தால் 32-ஆவது அடுக்கிலும் 1 வந்திருக்கும், −1 வந்திருக்காது.) சிறிய தேற்றப்படி ப − 1 ஆவது அடுக்கிலும் 1 வர வேண்டும் என்பதால், ப − 1 என்பது 64-இன் மடங்கு. எனவே தேட வேண்டிய எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று 64 இடைவெளியில் செல்பவை மட்டுமே. இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தே.

நூற்றுப் பதினாறு, ஐந்தாகச் சுருங்கிவிட்டது. 257-ஐயும் நீக்கிவிடலாம். ந − 2 = 4294967295 என்பது 3 × 5 × 17 × 257 × 65537-க்குச் சமம்; ஆகவே 257 நம் எண்ணை வகுத்தால் 2-ஐயும் வகுத்தாக வேண்டும், அது நடக்காது. மிஞ்சுபவை நான்கு. நான்காவது முயற்சியில் 641.

அடுக்குமொழி எழுதியது:

நான்குகூட வேண்டாம், ஒன்றே போதும். 1878-இல் லூகா இந்த 64-ஐ 128 ஆக்கினார். அதற்கான வழி எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

16776960 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2⁸ × (2¹⁶ − 1). அதன் வர்க்கம் 2¹⁶ × (2³² − 2¹⁷ + 1). அடைப்புக்குள் இருக்கும் 2³² + 1 என்பது நம் எண்ணே என்பதால் வகுக்கும்போது அது மறைந்துபோகும்; எஞ்சுவது −2³³, அதாவது −2 × 2³². 2³² என்பது −1 ஆகையால் விடை 2. ஆக, நம் எண்ணால் வகுக்கும் உலகத்தில் 2-க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கிறது! அந்த மூலத்தின் அடுக்குகள் 1-ஐத் தொட 64-க்கு இருமடங்கு, அதாவது 128 படிகள் ஆகும். எனவே ப − 1 என்பது 128-இன் மடங்கு.

இப்போது தேட வேண்டியவை 129, 257, 385, 513, 641. இவற்றுள் பகா எண்கள் 257, 641 மட்டும். 257 ஏற்கெனவே விலகிவிட்டது. முதல் வகுத்தலிலேயே 641 அகப்படுகிறது.

641-க்கும் நம் எண்ணுக்கும் உள்ள உறவை வகுத்தலே இல்லாமலும் காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1; அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5 × 2⁷ என்பது −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாவதன்படி 5⁴ என்பது −2⁴. அதை அங்கே பொருத்தினால் −2³² என்பது 1. முடிந்தது. ஒரே எண்ணை இரு விதமாக எழுத முடிந்ததால் கிடைத்த பயன் இது.

பழம்புத்தகம் எழுதியது:

ஃபெர்மாவைப் பற்றி ஒரு சொல். அவர் கவனக்குறைவால் தவறினார் என்று பலரும் எழுதுவதைப் படித்திருக்கிறேன். எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. ஆனால் அவரை முழுதாக விடுவிக்கவும் மனம் வரவில்லை.

அதே 1640-இல் அவர் 2³⁷ − 1 என்ற எண்ணுக்கு 223 என்ற காரணியைக் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட எண்ணின் பகாக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் 37-இன் மடங்கு வர வேண்டும் என்பதை அறிந்திருந்ததால்தான் அது முடிந்தது; 223 = 6 × 37 + 1. மீதியாளர் மேலே காட்டிய வாதமும் அதே கருவிதான், 37 இருந்த இடத்தில் 64 வந்திருக்கிறது, அவ்வளவே. கருவி கையில் இருந்தது. எண்ணும் கண்முன் இருந்தது. நான்கு வகுத்தல்கள் போதும். ஏன் செய்யவில்லை, அல்லது செய்தும் கணக்கில் பிசகினாரா என்பதை நாம் ஊகிக்க மட்டுமே முடியும். தொடக்கத்தில் நிறுவல் தன்னிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டவர், 1659-இல் கார்காவிக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தாம் தீர்த்தவற்றின் வரிசையில் வைத்தார் என்பது வருத்தத்தைக் கூட்டுகிறது.

ஆய்லருக்கும் இந்தக் கணக்கில் முதலில் ஆர்வம் இல்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் எழுதிக் கேட்ட பிறகே அவர் இதைக் கையில் எடுத்தார். ஜெரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவனிடம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இதே எண்ணைக் கொடுத்தபோது, தாள் எதுவும் இல்லாமல் 641 என்று சொல்லிவிட்டான் என்ற பதிவும் உண்டு.

சந்தேகம் எழுதியது:

பழம்புத்தகம் அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடுக்குமொழி சொன்ன 28 வகுத்தல்களைப் பத்து இலக்க எண்களோடு கையால் செய்தால் ஓரிரு நாள் வேலை. சிறிய தேற்றத்தைக் கண்டவரே அதைத் தம் எண்ணின் மீது செலுத்தியிருக்க வேண்டாமா?

அடுக்குமொழி எழுதியது:

தேற்றத்தைச் சோதனையாகத் திருப்பிப் பயன்படுத்தும் பழக்கம் நமக்கு வந்தது பின்னாளில். அதோடு, ஒருவர் முதலில் கையில் எடுப்பது 2 ஆகத்தான் இருக்கும். அது என்ன பதில் சொல்லும் என்று பார்த்துவிட்டோம். ஃபெர்மா 2-ஐ வைத்துப் பார்த்து நம்பிக்கை கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம், அதற்கு மேல் எதுவும் இல்லை.

நிரலாளர் எழுதியது:

கணினிப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. 32 பிட் கொண்ட குறியில்லா முழு எண்கள் 0 முதல் 4294967295 வரை செல்கின்றன. நம் எண் அந்த எல்லைக்கு இரண்டு படி வெளியே நிற்கிறது, அதில் அடங்காது. அந்த வகை மாறியில் இதை வலிந்து இட்டால் 1 என்றுதான் பதிவாகும்.

ஆனால் அதன் காரணிகள் உள்ளே அடங்கும். அதனால் ஒரு வசதி கிடைக்கிறது. செயலிக்குப் பெருக்கலைவிட வகுத்தல் மெதுவான வேலை. ஆகவே ஒரு மாறிலியால் வகுக்க வேண்டிய இடத்தில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரல்மாற்றிகள் பொருத்தமான ஓர் எண்ணால் பெருக்கி, விடையின் கீழ்ப்பகுதி பிட்களை உதறிவிடும். பொதுவாக அந்தப் பெருக்கும் எண்ணைத் தேர்ந்த பிறகு கூடுதல் நகர்த்தலோ கூட்டலோ தேவைப்படும். 641-ஆல் வகுக்க அது எதுவும் தேவையில்லை: 6700417-ஆல் பெருக்கி, கீழ் 32 பிட்களை நீக்கினால் ஈவு அப்படியே கிடைக்கும்.

காரணம் எளிது. 6700417-ஐ 2³²-ஆல் வகுத்தால் அது 1/641-ஐவிட மிக மிகச் சிறிய அளவே கூடுதல், ஏனெனில் 641 × 6700417 என்பது 2³²-ஐவிட ஒன்றே ஒன்றுதான் அதிகம். 32 பிட்டுக்குள் அடங்கும் எந்த எண்ணைப் பெருக்கினாலும் அந்தப் பிழை 1/641-ஐ எட்டாது. ஆகவே ஈவு அடுத்த முழு எண்ணுக்குத் தாவாது. பத்து இலட்சத்தை எடுத்துக்கொண்டு பார்த்தேன். பெருக்கல் பலன் 6700417000000; 2³²-ஆல் வகுத்த முழுப்பகுதி 1560; 641 × 1560 = 999960, மீதி 40. சரியாக வருகிறது. மாற்றிப் போட்டு 641-ஆல் பெருக்கினால் 6700417-ஆல் வகுத்த ஈவும் கிடைக்கும்.

சந்தேகம் எழுதியது:

6700417 பகா எண் என்று எல்லோரும் எழுதுகிறோம். அதை யாராவது சரிபார்த்தோமா?

மீதியாளர் எழுதியது:

நியாயமான கேள்வி. அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டும். அதன் பகாக் காரணி எதுவானாலும் நம் எண்ணுக்கும் காரணி என்பதால், 128-இன் மடங்கோடு ஒன்று கூடிய வடிவில்தான் இருக்க வேண்டும். 2588 வரை அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409, 1537. 257 விலகிவிட்டது. மற்றவற்றால் வகுத்துப் பார்த்தேன். 641-ஆல் மீதி 44, 769-ஆல் 120, 1153-ஆல் 334, 1409-ஆல் 622. 1537-ஆலும் மீதி இல்லாமல் போகவில்லை. ஆகவே 6700417 பகா எண்தான்.

பழம்புத்தகம் எழுதியது:

சிறு திருத்தம்: 1537 = 29 × 53. அது பகா எண் இல்லை. உங்கள் முடிவை இது பாதிக்காது, வகுத்தல்கள் ஐந்திலிருந்து நான்காகக் குறைகின்றன.

மீதியாளர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். பகு எண்ணைப் பகா எண் என்று நம்பியவரைப் பற்றிய இழையில் நானும் அதையே செய்திருக்கிறேன்.

அடுக்குமொழி எழுதியது:

நம் எண் தன்னைக் காட்டிக்கொடுக்கும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். நம் எண் 65536² + 1² என்பது பார்த்தவுடனே தெரிகிறது. அதையே 62264² + 20449² என்றும் எழுதலாம். 3876805696, 418161601 ஆகிய இரண்டையும் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது விதம் கிடைத்த நொடியிலேயே அது பகு எண் என்று ஆகிவிடுகிறது. (20449 தானே 143-இன் வர்க்கம் என்பது போகிற போக்கில் கிடைத்த உபரி.)

ஆய்லரின் முறையில் இந்த இரண்டு விதங்களிலிருந்து காரணிகளையே பிழிந்தெடுக்கலாம். வித்தியாசங்கள் 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 8. வகுத்தால் 409, 2556. கூடுதல்கள் 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. இனி 8, 50 இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. இப்போது வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 4² + 25² = 641; 409² + 2556² = 6700417.

பழம்புத்தகம் எழுதியது:

அழகு. அண்டை வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடலாம். நம் எண் தோற்றது ஒரு பக்கம் இருக்க, அதைவிட இரண்டு குறைவான 4294967295-க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அளவுகள் குறிக்கப்படாத நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று இதுவரை அறியப்பட்ட ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை கொண்டவற்றுள் இதுவே பெரியது. காஸ் 1796-இல் 17 பக்கங்களுக்கு வழி கண்டார். எந்தெந்த எண்களுக்கு இயலாது என்பதை வான்ட்செல் 1837-இல் நிறுவினார். அறியப்பட்ட ஐந்து ஃபெர்மா பகா எண்களையும் ஒரு முறை மட்டும் பெருக்கினால் இந்த எண் வருகிறது. நம் எண் பகா எண்ணாக இருந்திருந்தால் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும். 65537-க்குப் பிறகு ஒரு ஃபெர்மா பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை.

சந்தேகம் எழுதியது:

அடுக்குமொழி சொன்ன 32 வர்க்கங்களைக் கையால் செய்து பார்ப்பது என்று உட்கார்ந்தேன். பத்து இலக்கங்களோடு இரண்டாவது வகுத்தலிலேயே பொறுமை போய்விட்டது. ஓரிரு நாள் வேலை என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக 641-ஆல் மட்டும் வகுத்துக்கொண்டே போனேன். 3-இலிருந்து வர்க்கப்படுத்த 9, 81, 151, 366, 628, 169, 357, 531, 562, 472 என்று வந்தது. அடுத்து மறுபடியும் 357. அதன் பிறகு 531, 562, 472, 357 என்று அதே நான்கு எண்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. 32-ஆவது வர்க்கத்தில் நிற்பது 531. அடுக்குமொழி தந்த 3029026160-ஐ 641-ஆல் வகுத்தேன், மீதி அதே 531. ஏன் இந்தச் சுழல்?

அடுக்குமொழி எழுதியது:

640 = 128 × 5 என்பதால். ஏழு முறை வர்க்கப்படுத்தியதும் 128 என்ற பகுதி கரைந்துபோகிறது; எஞ்சுவது 5. அந்த இடத்தில் நிற்கும் 357-ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால்தான் 1 வரும். ஆனால் வர்க்கப்படுத்தல் அடுக்கை 2, 4, 8, 16 என்று மட்டுமே மாற்றும். ஐந்தால் வகுக்கும்போது அவற்றின் மீதிகள் 2, 4, 3, 1. பூஜ்யம் வரவே வராது. ஆகவே எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் அந்தச் சுழலிலிருந்து வெளியேறி 1-ஐ அடைய முடியாது. 641 = 5 × 2⁷ + 1 என்று எழுதினோமே, அதில் இருக்கும் அதே 5 தான் 3-ஐ வைத்துக் கேட்டபோது நம் எண்ணைப் பிடித்துக் கொடுத்தது.

சந்தேகம் எழுதியது:

அந்த நான்கு எண்களோடு 1-ஐயும் சேர்த்துக் கூட்டினேன். 1923 வருகிறது. 641-இன் மூன்று மடங்கு.